இப்போதைக்கு

சென்ற வருடத் தொடக்கம், 2025. பேரன் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம். கோரிப்பாளையத்திலிருந்து நடந்தே போனேன். கல்வி அதிகாரி காலை உணவு, கழிப்பறை, தேர்ச்சி எல்லாம் வாசித்தார். கடைசித் தாளில் குரல் இறங்கிற்று. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை. அதனால் சமக்ர சிக்ஷா நிதி ரூ.2,152 கோடி தில்லியிலிருந்து வரவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் கணக்குப் படித்தவன். ஆங்கிலத்தில் கோப்புக் குறிப்பு எழுதியது மதுரை வேலைக்கு வந்தபின்தான். எல்லா மொழியும் சோறு போட்டது, எதன்மேலும் கோபமில்லை. காசை நிறுத்துவதுதான் உறுத்துகிறது.

பேரனுக்குக் காது மந்தம். அவனுக்குச் சொல்லித்தரும் சிறப்பாசிரியைக்குச் சம்பளம் இந்த நிதியில்தான்.

"டீச்சர் வருவாங்களா சார்?"

"வருவாங்கய்யா. இப்போதைக்கு மாநில அரசு சமாளிக்குது."

'இப்போதைக்கு' என்று நானே எத்தனை கோப்பில் எழுதியிருக்கிறேன்!