ஒரே மருந்து, இரண்டு சட்டம்

வெடிபொருள் சட்டத்தில் நான் நடத்திய வழக்குகளில் மனத்தைவிட்டு அகலாதது, ஒரு பவுண்டு கருமருந்து டப்பா பற்றியது. என் கட்சிக்காரர் டெக்சாஸில் ஓய்வுபெற்ற பொறியாளர். பொழுதுபோக்காக ராக்கெட் விடுபவர். உரிமமின்றி வைத்திருந்ததாகக் கூறி, கார் கொட்டகையிலிருந்த டப்பாவை அதிகாரிகள் பறிமுதல் செய்திருந்தார்கள்.

கையில் 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நகலோடு வந்தார். டிரிப்போலி உள்ளிட்ட இரண்டு ராக்கெட் சங்கங்கள் 2000-இல் தொடுத்த வழக்கு அது. அம்மோனியம் பெர்குளோரேட் கலந்த திட எரிபொருளை வெடிபொருள் பட்டியலில் வைத்தது செல்லாது என்று வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது. “எரிபொருளுக்கே உரிமம் வேண்டாம். பாராசூட்டைத் தள்ளும் இரண்டு கிராம் மருந்துக்கு வேண்டுமா?” என்று கேட்டார்.

ராக்கெட்டின் மேல்குழாயை மேசைமேல் வைத்து விளக்கினார். உச்சியை எட்டியதும் உயரமானி மின்சாரம் அனுப்பும். இ-மேட்ச் என்னும் மின்தீக்குச்சி பற்றிக்கொண்டு கருமருந்தைக் கொளுத்தும். வாயு மூக்குக் கூம்பைத் தள்ள, பாராசூட் விரியும். மருந்து பற்றாவிட்டால் ராக்கெட் தலைகீழாகத் தரையில் பாயும்.

வேறு பொருள் கூடாதா என்றேன். அவர் விளக்கினார்: தோட்டாவுக்கான புகையில்லா மருந்தை உரிமமின்றி வாங்கலாம். ஆனால் இறுக்கி அடைத்தால்தான் அது வேகமாக எரியும், தளர்ந்த குப்பியில் பாதி எரியாமலே கிடக்கும். கார்பன் டை ஆக்சைடு குப்பி, காற்று மெலிந்த உயரத்துக்கு நல்லது. அதைத் துளைக்கவும் பல கருவிகளில் சிட்டிகை கருமருந்து வேண்டும்.

சட்டப்பிரிவை எடுத்துப் படித்தேன். விளையாட்டு, பொழுதுபோக்குக்காக 50 பவுண்டு வரை கருமருந்துக்கு விலக்கு உண்டு. ஆனால் ‘பழங்காலத் துப்பாக்கிகளில், பழங்காலக் கருவிகளில்’ பயன்படுத்தினால் மட்டுமே. 2009 தீர்ப்பு எரிபொருளைப் பற்றியது, கருமருந்தைத் தொடவில்லை. வாதாட இடமில்லை என்று அவரிடம் நேராகவே சொன்னேன். குற்ற நோக்கம் இல்லை என்று காட்டி வழக்குப் பதிவைத் தவிர்த்தோம். பிறகு உரிமமும் விதிப்படியான சேமிப்புப் பெட்டியும் பெற்றார்.

கருமருந்துக்குக் கட்டுப்பாடு வேண்டியதுதான். ஆனால் வாய்வழியே மருந்து நிரப்பும் பழங்காலத் துப்பாக்கியிலிருந்து குண்டைத் தள்ளும் மருந்துக்குக் கிடைக்கும் சலுகை, கீழே நிற்பவர் தலையைக் காக்கும் மருந்துக்குக் கிடைக்காதது அநியாயம். உரிமத்துக்கு அஞ்சி, சரியாக எரியாத மருந்தை ஒருவர் தேர்ந்தெடுத்தால் ஆபத்துதான் கூடும். இதை நீதிபதி திருத்த முடியாது. அந்த விலக்கில் ராக்கெட்டையும் சேர்க்க வேண்டியது அமெரிக்க நாடாளுமன்றம்.