உலாவப் புறப்படுமுன்

மாதுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் விடியற்காலையில் உலாவ வரும் நம் பெரியவர்களில் சிலர், சர்க்கரை வியாதிக்கு இன்சுலினோ கிளிமிப்பிரைடு மாத்திரையோ எடுத்துக்கொண்டும், ஒரு வாய் ஆகாரமின்றி நடப்பதை விரதம்போல அனுஷ்டிப்பதைக் கேட்க எனக்கு விசாரமாகவே இருக்கிறது. தேகாப்பியாசத்தின்போது தசைகள் ரத்தத்துச் சர்க்கரையைத் தாமே இழுத்துக்கொள்ள, மருந்தும் அதைக் குறைத்துக்கொண்டே இருக்குமாதலால், அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழிறங்கி, கை நடுங்கி, வியர்த்து, பேச்சுத் தடுமாறும் அபாயம் உண்டு. (பம்பாய்ப் புழுக்கத்தில் வியர்வையை யார் அறிகுறியாக எண்ணப்போகிறார்கள்!) அப்படி நேர்ந்தால் உடனே உட்கார்ந்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால்மணி கழித்து மறுபடி சோதிப்பதே உபாயம்; சாக்லேட் தின்றாலோ, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். நெடுநேரம் நடந்த நாளின் இரவிலும் சர்க்கரை தாழலாம் என்பது பலர் அறியாத விஷயம்.

மாறாக, ரத்தத்துச் சர்க்கரை அளவு 250ஐத் தாண்டி, சிறுநீரில் கீட்டோன் என்னும் அமிலப் பொருளும் தென்பட்டால் அன்றைக்கு நடையே வேண்டாம். மழைக்காலத்தில் தாராவி 90 அடி சாலையில் ரப்பர் செருப்போடு நடப்பவர்கள், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், வீடு திரும்பியதும் விரலிடுக்குகளில் புண் உண்டா என்று பார்ப்பது அவசியம்.

மருந்தளவை நீங்களாக மாற்றாதீர்கள். உலாவும் நேரத்தை வைத்தியரிடம் சொல்லி யோசனை கேளுங்கள். சட்டைப்பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.