மூன்றாவதாக வரும் துணிவு

பிள்ளைகள் தயங்கி நிற்கக் கண்டால், "பயப்படாதே, துணிந்து செய்" என்று சொல்லிவிடுவது பெற்றோராகிய நமக்கெல்லாம் வழக்கமாகிவிட்டது. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆயினும் அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லி எங்கள் மகளின் உள்ளத்தை எவ்வளவு நோகச் செய்தோம் என்பதை உணர, எங்களுக்குப் பல மாதங்கள் பிடித்தன. அதை எங்களுக்கு உணர்த்தியது அவளுடைய இடக்காலின் குதிகால்.

பணியின் பொருட்டு நாங்கள் ஜப்பானின் கோபே நகரில் வசிக்கிறோம். 1935-இல் திறக்கப்பட்டு, உலகப்போரின் குண்டுவீச்சையும் 1995-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்கும் பள்ளிவாசல் உள்ள ஊர் இது. மகள் இங்கே நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தபோது, பாடவேளைக்குப் பின் ஏதேனும் ஒரு விளையாட்டு மன்றத்தில் சேர விரும்பினாள். நீச்சலுக்கும் ஓட்டத்துக்கும் உரிய உடைகள் எங்களுக்குத் தயக்கம் தந்தன. அவள் தேர்ந்தது கெண்டோ. மூங்கில் வாளால் ஆடப்படும் ஜப்பானிய வாட்கலை அது. கணுக்கால்வரை தொங்கும் அகன்ற கீழாடை, தடித்த பருத்தி மேலாடை, தலையைச் சுற்றிக் கட்டும் துணி, அதன்மேல் முகத்துக்கு உலோகக் கம்பிகள் பொருத்திய கவசம். "இதைவிட அடக்கமான உடை வேறெந்த விளையாட்டில் இருக்கிறது, உம்மா?" என்று அவள் கேட்டபோது எங்களிடம் மறுமொழி இல்லை.

ஒன்று மட்டும் எங்களுக்கு நெருடியது. ஆடுமுன் அரங்கின் முகப்பை நோக்கியும் எதிரே நிற்பவரை நோக்கியும் குனிந்து மரியாதை செலுத்துவது இக்கலையின் மரபு. மார்க்கம் அறிந்தோரிடம் கேட்டுத் தெளிந்தபின் பயிற்சி ஆசிரியரைச் சந்தித்துப் பேசினோம். முகப்பை நோக்கி மற்றவர்கள் குனியும் வேளையில் அவள் அமைதியாக நிமிர்ந்து நிற்கலாம். எதிரே நிற்பவருக்குத் தலையைச் சற்றே அசைத்தால் போதும் என்று அவர் இசைந்தார். "உள்ளத்தில் மரியாதை இருக்கிறதா என்பது எனக்குத் தெரிந்துவிடும்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் அவளுக்கு முதல் அணிப்போட்டி வந்தது. அணிக்கு ஐவர், அவள் இரண்டாவதாக ஆட வேண்டியவள். நடுநிலைப் பள்ளியினருக்கு ஆட்டம் 3 நிமிடம். தலை, மணிக்கட்டு, விலா ஆகியவற்றில் முறையாக அடித்தால் புள்ளி. முதலில் 2 புள்ளி எடுப்பவர் வெல்வார். வாள் பட்டுவிட்டால் மட்டும் புள்ளி கிடைத்துவிடாது. குரலும் வாளும் முன்பாயும் காலும் ஒரே கணத்தில் ஒன்றுசேர வேண்டும். அடித்த பின்னும் விழிப்புக் குலையாமல் நிற்க வேண்டும். சிவப்பும் வெள்ளையுமாகக் கொடிகள் ஏந்திய மூன்று நடுவருள் இருவரேனும் கொடி உயர்த்தினால்தான் புள்ளி.

அன்று எங்கள் மகள் மீது ஓர் அடியும் முறையாக விழவில்லை. ஆனாலும் அவள் தோற்றாள். எதிராளி முன்னேற முன்னேற அவள் பின்வாங்கினாள். ஒருமுறை எல்லைக்கோட்டைத் தாண்டினாள். நடுவர் எச்சரித்து நடுவே நிறுத்தினார். மறுபடியும் பின்வாங்கி, மறுபடியும் கோட்டைத் தாண்டினாள். இரண்டு தவறுகள் சேர்ந்தால் எதிராளிக்கு ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியோடு நேரம் முடிந்தது. மற்ற நால்வரில் இருவர் வென்றனர், இருவர் தோற்றனர். அணியின் தோல்வியை முடிவு செய்தது அவளுடைய ஆட்டமே.

வீடு திரும்பும் தொடர்வண்டியில் அவள் பேசவில்லை. நாங்கள்தான் பேசினோம். "ஏனம்மா பயந்தாய்? அவளும் உன் வயதுப் பெண்தானே?" என்றோம். அடுத்தடுத்த நாள்களிலும் சொன்னோம். பயிற்சிக்குப் போகும்போதும் சொன்னோம், வந்தபோதும் சொன்னோம். ஒருநாள் இரவு உணவின்போது அவள் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "வாப்பா, துணிவாக இரு என்று நானும் எனக்குள் சொல்லிக்கொண்டுதான் நிற்கிறேன். கால் நகர மறுக்கிறது. எனக்கு இது வேண்டாம். விட்டுவிடுகிறேன்."

விலகுவதைத் தெரிவிக்க மறுநாள் ஆசிரியரைக் காணச் சென்றோம். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, கெண்டோ பயில்வோர் வழிவழியாகச் சொல்லிவரும் ஒரு வரிசையை எடுத்துச் சொன்னார்: முதலாவது கண், இரண்டாவது கால், மூன்றாவது துணிவு, நான்காவது வலிமை. "நீங்கள் மூன்றாவதை அவளுக்குக் கொடுக்க முயல்கிறீர்கள். அவள் இன்னும் இரண்டாவதையே முடிக்கவில்லை" என்றார்.

பின்பு மகளை அழைத்து எங்கள் முன்னே நிற்கச் செய்து, கீழாடையின் விளிம்பைக் கணுக்காலுக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஓராண்டுக்கு மேலாக அவள் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறோம். அவள் பாதங்களைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தோன்றியது. அந்த அகன்ற ஆடை அவற்றை மறைத்துவிடுகிறது. எங்கள் கண்கள் என்றும் வாளின் மீதே இருந்தன.

கெண்டோவில் வலக்கால் முன்னும் இடக்கால் பின்னுமாக நிற்பார்கள். இரு பாதங்களும் நேர்முன்னே நோக்க வேண்டும். இடக்குதிகால் தரையைத் தொடாமல் சற்று உயர்ந்திருக்க வேண்டும். வலக்குதிகாலின் கீழே ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால் போதும். முன்னே பாயும் விசை முழுவதும் இடக்காலின் முன்பாதத்திலிருந்தே பிறக்கிறது. எங்கள் மகளின் இடக்கால் வெளிப்புறமாகத் திரும்பி, குதிகால் தரையில் அழுந்தியிருந்தது. "இப்படி நிற்பவர் முன்னே பாய முடியாது. பின்னே மட்டுமே போக முடியும். அவள் உடலுக்கு அது தெரியும். அதனால்தான் மனம் அஞ்சுகிறது. அவளுடைய அச்சம் பொய் சொல்லவில்லை" என்றார் ஆசிரியர்.

அந்தக் கடைசிச் சொல் எங்களை வாயடைக்கச் செய்தது. அச்சத்தை ஒரு குறையாகவே நாங்கள் கண்டிருந்தோம். அது காலிலிருந்து வந்த உண்மையான செய்தி என்று எண்ணிப் பார்க்கவில்லை. விலகும் பேச்சு அத்தோடு நின்றது.

அன்று முதல் இஷாவுக்குப் பின் எங்கள் வீட்டுத் தாழ்வாரமே பயிற்சிக்கூடமாயிற்று. அடுக்குமாடிக் குடியிருப்பு, கீழ்வீட்டில் முதியவர் இருவர் வாழ்கின்றனர். அடிக்கும்போது வலக்காலால் தரையை ஓங்கி மிதிக்கும் பயிற்சியை வீட்டில் செய்ய வழியில்லை. ஆகவே பாதம் தரையைவிட்டு எழாமல் வழுக்கிச் செல்லும் நடையை மட்டுமே பயின்றோம். பிறகுதான் தெரிந்தது, அதுவே அடித்தளம் என்பது. வலக்கால் முன்னே வழுக்கும்; இடக்கால் தாமதமின்றி அதைத் தொடர்ந்து வந்து தன் இடத்தில் நிற்கும்; ஒருபோதும் வலக்காலை முந்தாது. இடக்கால் பின்தங்கினால் அடுத்த அடிக்கு உடல் ஆயத்தமாக இராது. இதில் எங்கள் வேலை இரண்டு. ஒருவர் அவளுடைய குதிகாலைப் பார்ப்போம். மற்றவர் அவள் தலை மேலும் கீழும் ஆடாமல் ஒரே மட்டத்தில் செல்கிறதா என்று சுவரில் ஒட்டிய நாடாவோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நாளுக்குப் பத்து நிமிடம். "துணிவு" என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டோம்.

எங்களுக்கும் கால்கள் உண்டல்லவா? ஒருநாள் நாங்களும் அவள் பின்னே நடந்து பார்த்தோம். நான்காவது அடியிலேயே கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கியது. இதைத் தாங்கிக்கொண்டு, எதிரே வாளோங்கி நிற்பவளையும் எதிர்கொண்ட பிள்ளையையா கோழை என்று எண்ணினோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சனவரியில் குளிர்காலச் சிறப்புப் பயிற்சி. விடியலில், சூடேற்றப்படாத மரத்தரையில், வெறுங்காலோடு. முன்பாதத்தில் கொப்புளம் எழுந்து உடைந்தது. தோல் உரிந்து, பின் காய்த்துத் தடித்தது. பள்ளியின் தரையில் மிதிப்பையும் பழகினாள். முழங்காலை உயரத் தூக்காமல், பாதம் தரையை ஒட்டி முன்சென்று உள்ளங்கால் முழுதும் ஒருங்கே பதிய வேண்டும். குதிகால் முதலில் இடித்தால் காயமாகும். வரிசையில் முதலாவதான கண்ணையும் ஆசிரியர் திருத்தினார். எதிராளியின் வாள்முனையையே வெறித்துக்கொண்டிராமல், தொலைவிலுள்ள மலையைக் காண்பதுபோல் அவரை முழுதாகக் காணச் சொன்னார். எங்கள் ஊருக்குப் பின்னே 931 மீட்டர் உயரத்தில் ரொக்கோ மலை நிற்கிறது. காலையில் மாடத்தில் நின்று அவள் அதையே பார்த்துப் பழகினாள்.

மறுகோடையில் அடுத்த அணிப்போட்டி. அவளிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆசிரியர் ஒன்றே சொன்னார்: "தொடங்கு என்று நடுவர் சொன்னதும் உன் முதல் அடி முன்னே இருக்கட்டும். மற்றது பிறகு." எதிராளி அவளைவிட உயரமானவள். முதல் நிமிடத்திலேயே மணிக்கட்டில் அடிபட்டு எங்கள் மகள் ஒரு புள்ளி இழந்தாள். எங்கள் நெஞ்சு பதறியது. ஆனால் மீண்டும் நடுவே நின்று ஆட்டம் தொடங்கியபோது, அந்தக் கீழாடையின் விளிம்பு முன்னோக்கி நகர்வதைக் கண்டோம். பின்வாங்கவில்லை. இன்னும் ஓர் அடி. ஓரடி பாய்ந்தால் வாள் எட்டும் தொலைவு வந்ததும், அரங்கமே கேட்கக் குரல் கொடுத்து, தரை அதிர மிதித்து, தலையில் அடித்துவிட்டு எதிராளியைக் கடந்து ஓடித் திரும்பி வாளோடு நின்றாள். இரண்டு கொடிகள் உயர்ந்தன.

அவள் துள்ளவில்லை. துள்ளினால், விழிப்புக் குலைந்ததென்று அந்தப் புள்ளியையே நடுவர் நீக்கிவிடலாம். பார்ப்போரும் கைதட்டலாமே தவிரக் கூச்சலிடலாகாது. நாங்கள் கை வலிக்கத் தட்டினோம். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அணி அடுத்த சுற்றுக்குச் சென்று அங்கே தோற்றது.

திரும்பும் வண்டியில் "பயமாக இருந்ததா?" என்று கேட்டோம். "இருந்தது வாப்பா. ஆனால் கால் போய்விட்டது, நானும் கூடப் போனேன்" என்றாள். அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் பிள்ளையும் ஏதேனும் ஒன்றின் முன் தயங்கி நிற்கலாம். அது கணக்குப் பாடமாக இருக்கலாம், மேடைப் பேச்சாக இருக்கலாம், நேர்முகத் தேர்வாக இருக்கலாம். "பயப்படாதே" என்று சொல்லுமுன், அவர்களின் பாதம் எங்கே அழுந்தி நிற்கிறதென்று ஒருமுறை குனிந்து பாருங்கள். கற்காமல் விட்ட ஓர் அடி அங்கே இருக்கக்கூடும். அந்த அடியை நாளுக்குப் பத்து நிமிடம் அவர்களோடு சேர்ந்து நடந்து பாருங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் அந்த நாடா இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது. இப்போது அவளுடைய தம்பி அதன்கீழ் நடக்கத் தொடங்கியிருக்கிறான்.