பூதத்துக்குப் பதில் சொன்ன ஆயா

நாடகம் என்றால் எங்கள் மரக்காணம் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது கூத்துதான். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்துவிட்டால் பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும். பாய், கோணி, போர்வை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து இடம் பிடிப்பார்கள். முன்வரிசை பிள்ளைகளுக்கு. அப்படி யாரும் சொல்லி வைத்ததில்லை. ஆனால் எந்த ஊரிலும் அது மாறிப் பார்த்ததில்லை.

பிள்ளைகளுக்கு அதில் பங்கும் உண்டு. பகாசூரனைக் கொல்லப் போகிற நாளில் பீமன் சோற்று வண்டியோடு தெருத்தெருவாக வருவான். வண்டிக்குப் பின்னால் ஒரு பொடிக் கூட்டம் ஓடும். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு நட்ட மரத்தில் வேஷக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். உச்சியிலிருந்து அவர் போடுகிற எலுமிச்சம்பழத்துக்கும் விபூதிக்கும் குழந்தை வரம் கேட்கிற பெண்கள் கீழே முந்தானை விரித்துக் காத்திருப்பார்கள். பாட்டிகள் அடுத்து வரப் போகிற கதையை மடியில் இருக்கிற பிள்ளையின் காதில் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கதை தெரிந்துவிட்டதே என்று எந்தப் பிள்ளையும் வருத்தப்பட்டதில்லை. தெரிந்ததனால்தான் அது காத்திருக்கிறது.

என் மகனுக்குக் கூத்தைவிட வேஷம் கட்டுகிற கொட்டகை பிடிக்கும். ஒரு தடவை துரியோதன வேஷக்காரர் பாதி முகத்துக்கு அரிதாரம் பூசி, மறு பாதி வெறும் முகமாக, ஒரு கையில் டீ கிளாஸும் ஒரு கையில் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார். புஜத்தில் கட்டுகிற கட்டைகளும் கிரீடமும் பக்கத்தில் விரித்த துணியில் இருந்தன. "அம்மா, இவரு கெட்டவரா ஆயிட்டிருக்காரா?" என்று மகன் கேட்டான். அவர் காதில் விழுந்துவிட்டது. "ராத்திரி வந்து பாரு கண்ணு, பாத்துட்டு நீயே சொல்லு" என்றார். அன்றைக்கு அவன் துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்வரை கண் மூடவில்லை. வந்த பிறகு ஐந்து நிமிஷத்தில் தூங்கிப்போனான்.

கூத்தை நான் எவ்வளவு மதித்தாலும், அது பிள்ளைகளுக்கென்று ஆடுவது இல்லை. பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிகாலை வரை போகும் ஆட்டம் அது. பெரியவர்கள் உருகுகிற விருத்தங்களில் பிள்ளைகள் தூங்கிவிடும்; கட்டியக்காரன் வந்து வாயைத் திறந்தால் எழுந்துகொள்ளும். தமிழ் நாடக மேடையில் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று சிறுவர்களை வைத்தே ஒரு கம்பெனி நடத்தினார், டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள்தான். ஆனால் அது பிள்ளைகள் நடித்துப் பெரியவர்கள் பார்த்த நாடகம். பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றே ஒரு நாடகம் போடுவது பின்னால் வந்த எண்ணம். தமிழில் அதற்காகத் தீவிரமாக உழைத்தவர்களில் பேராசிரியர் சே. இராமானுஜம் ஒருவர்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் கண்மூடியது புதுச்சேரியில். அங்கே பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தப் புதுச்சேரியிலிருந்துதான் வேலு சரவணன் தன் 'ஆழி' குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு நாடகம் போடுகிறார். அவருடைய 'கடல் பூதம்' தமிழ்நாட்டில் எத்தனையோ பள்ளி மைதானங்களைப் பார்த்துவிட்டது. பெரிய மேடை வேண்டாம், விளக்கு வேண்டாம்; வண்ண உடுப்பில் வந்து நின்று பேச ஆரம்பித்தால் எதிரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் நடிகர்கள் ஆகிவிடுவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்திலிருந்து புதுச்சேரி 35 கிலோமீட்டர் அளவுதான். அங்கே இவ்வளவு நடக்கும்போது எங்கள் ஊர் உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அப்பா, அம்மா, ஆயா எல்லாரோடும் உட்கார்ந்து ஒரு நாடகம் பார்த்திருப்பார்கள் என்பது என் மனதை அரிக்கிற கேள்வி.

ஏனென்றால் அப்படிப் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் குப்பம் ஒன்றின் பள்ளி வெளியில் ஒரு சாயங்காலம் வேறொரு சின்னக் குழு பூதக் கதை ஒன்றை ஆடியது. மாமியாரையும் கூட்டிப் போயிருந்தோம். முட்டி தேயும்வரை உப்பளத்தில் வேலை செய்தவர். வீட்டில் பேரப்பிள்ளைகள் சத்தம் போட்டால் பொறுக்க மாட்டார். தாளக்காரர் தட்டத் தொடங்கியதும், "நமக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று கடைசியில் போய் உட்காரப் பார்த்தார். மகள் விடவில்லை, மடியைப் பிடித்துக்கொண்டாள்.

பூதம் வந்தது. தலையில் சணல் சடை, காலில் சலங்கை. பிள்ளைகள் வீல் என்று கத்திப் பின்னால் நகர, பூதம் கூட்டத்துக்குள் இறங்கி, "எனக்குப் பசிக்குது! யாரைத் தின்னட்டும்? இவளையா, இவனையா?" என்று என் மகள் அருகில் வந்து நின்றது. மகள் ஆயாவின் புடவைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். அத்தை சட்டென்று நிமிர்ந்து, "புள்ளைய விட்டுடு. என்னைத் தின்னு பாப்போம். நாப்பது வருசம் அளத்துல நின்ன ஒடம்பு, உப்புக் கரிக்கும்!" என்றார்.

மைதானமே வெடித்துச் சிரித்தது. பூதமாக நடித்தவர் ஒரு நொடி தடுமாறி, அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, உப்பா? டாக்டர் உப்பே சேத்துக்கக் கூடாதுன்னாரே!" என்று பின்னால் ஓடினார். பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். "என்னையும் தின்னு, நானும் உப்பு!" என்று ஒவ்வொருவராக எழுந்து நிற்கிறார்கள். பூதம் அத்தனை பேருக்கும் பயந்து ஓடுகிறது. எழுதி வைத்த நாடகத்தில் இல்லாத காட்சி அது. நான் பார்த்தது மகளின் முகத்தை. புடவைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்து ஆயாவை அண்ணாந்து பார்த்தாள். ஆயாவுக்கு விளையாடத் தெரியும் என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள்.

திரும்பி வந்த பிறகு வீட்டில் அதுவே பேச்சு. கூத்தில் புதுவேஷம் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள் அல்லவா, அதே மாதிரி போர்வையின் ஒரு முனையை அவர்கள் அப்பாவும் மறுமுனையை ஆயாவும் பிடிக்க வேண்டும். பின்னாலிருந்து பூதம் வரும். பார்த்த கூத்தும் பார்த்த நாடகமும் அந்தப் போர்வையில் ஒன்றாகிவிட்டன. அவர்கள் அப்பா பிள்ளைகளோடு அவ்வளவு நேரம் செல்போன் இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

பள்ளியில் பகலில் நாடகம் நடக்கத்தான் செய்கிறது. பிள்ளைகள் பார்த்து மகிழவும் செய்கிறார்கள். நல்லதுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் வாசற்கதவு சாத்தியிருக்கும், பெற்றவர்கள் வெளியே. சாயங்காலம் வந்து பிள்ளை சொல்லும் கதையை, அசதியோடு "உம்" கொட்டிக் கேட்பதோடு சரி. பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் சேர்ந்து ஒரு நாடகத்தைப் பேச முடியாது. இதற்கு மாறாக, பெர்லினில் கிரிப்ஸ் என்று ஒரு குழந்தைகள் அரங்கம் உண்டு. பிள்ளைகளின் நிஜமான கஷ்டங்களையே கதையாக எடுத்து, வளர்ந்த நடிகர்களே சிறுவர்களாக நடிப்பார்கள்; பெரியவர்களும் கூட உட்கார்ந்து பார்ப்பார்கள். நாடகக் கலைஞர் மோகன் அகாஷே 1980களில் அந்த முறையைப் புனேவுக்குக் கொண்டுவந்தார். சென்னையில் 1991-ல் தொடங்கிய லிட்டில் தியேட்டரின் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வீட்டோடு போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். டிக்கெட் வாங்க முடிந்த குடும்பங்களுக்கு இந்தச் சந்தோஷம் கிடைக்கிறது.

உப்பளக் குடும்பத்துக்குத் தடையாக இருப்பது பணம் மட்டும் இல்லை, நேரமும்தான். வெயில் ஏறினால் பாத்தியின் வெள்ளை கண்ணைப் பறிக்கும். உப்புத் தண்ணீரில் நின்ற காலில் வெடிப்பு எரியும். அதனால் விடியும் முன்பே டார்ச் லைட்டோடு கிளம்பிப் போய் உப்பு வாரிக் கரையேற்றுகிறார்கள். பிள்ளை கண் விழித்துப் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா வீட்டில் இருக்கமாட்டாள். ராத்திரி பிள்ளை பேசத் தொடங்கும்போது அவள் தூங்கியிருப்பாள். தை மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை இதுதான். கூத்து நடக்கிற பங்குனி, சித்திரை, ஆடி எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன.

சங்க கால மன்னன் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் உப்பு வணிகரைப் பற்றி ஒரு காட்சி வருகிறது. கொற்கைப் பக்கத்துக் காட்சி அது. உமணர் வண்டிகளோடு ஒரு மந்தியும் வருகிறது. கிளிஞ்சலின் வயிற்றுக்குள் முத்தைப் போட்டு மூடி, உமணர் வீட்டுச் சிறுவர்களோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆடுகிறது. உப்பு விற்கப் போனவர்கள் மனைவி மக்களைக் கூடவே அழைத்துப் போயிருக்கிறார்கள். பிழைப்பு நடந்த இடத்திலேயே பிள்ளைகளின் ஆட்டமும் நடந்திருக்கிறது. இன்றைக்கு அளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகக் கூடாது, அவர்கள் பள்ளியில்தான் இருக்க வேண்டும். அப்படியானால் ஆட்டம் வீட்டுப் பக்கம் வர வேண்டும்.

வந்ததும் உண்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27-ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் தொடங்கி வைத்தது எங்கள் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். அந்தச் செய்தியை ஊருக்குச் சொல்லத் தமிழ்நாடு முழுக்கக் கலைக்குழுக்கள் பாட்டும் நாடகமுமாகக் கிராமங்களுக்குப் போயின. திட்டத்தைச் சொல்லத்தான் அவர்கள் வந்தார்கள். ஆனால் மாதக்கணக்கில் வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் ஒரே தெருவில் சேர்ந்து நின்று சிரிக்க அது ஒரு வாய்ப்பானது. அதற்கு அப்புறம் அந்த வழக்கம் நின்றிருக்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் அளத்தில் வேலை கிடையாது. மழை. எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள், கையில் காசு இல்லாமல், மனதில் தெம்பு இல்லாமல். வெட்ட வெளியில் நாடகம் போட முடியாது என்பீர்கள். சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் கட்டிய புயல் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. புயல் இல்லாத நாளில் அவற்றின் கூடம் சும்மாதான் கிடக்கிறது. ஆறரை மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடிகிற மாதிரி ஒரு நாடகம், சனிக்கிழமை சாயங்காலம், அங்கே போடலாம். ஊராட்சித் தலைவர்களே, தலைமை ஆசிரியர்களே, நாடகக் குழு நண்பர்களே, இந்த மழைக்காலத்தில் ஒரு தடவை செய்து பாருங்கள். குழுவுக்குப் போக்குவரத்துச் செலவும் சன்மானமும் கொடுத்து அழையுங்கள், இலவசமாக ஆடச் சொல்லாதீர்கள். பிள்ளைகளை மட்டும் வரிசையில் நிறுத்திக் கூட்டி வராமல் அப்பா, அம்மா, ஆயா, தாத்தா எல்லாரையும் வரச் சொல்லுங்கள். ஆயாக்களை முன்னால் உட்கார வையுங்கள்.