தெருவிளக்கும் சாமந்தியும்

சாமந்தியைப் பாடநூலில் 'குறும்பகல் தாவரம்' என்று வகைப்படுத்தியிருப்பார்கள். 31 வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவன் நான். இந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் கூடவே ஒன்று சொல்வேன்: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், செடி எண்ணுவது ராத்திரியைத்தான். இருட்டு விடாமல் பத்து, பதினோரு மணி நேரமாவது இருந்தால்தான் சாமந்தி மொட்டு வைக்க ஆரம்பிக்கும். நடுவில் விளக்கு பட்டால், அந்த ஒரு நீண்ட ராத்திரி அதற்கு இரண்டு குட்டி ராத்திரிகளாகிவிடும். செடி பாட்டுக்கு இலை விட்டுக்கொண்டு நிற்கும்.

இதை வைத்து ஒரு தெருவே சண்டை போடும் என்று வகுப்பில் நான் சொன்னதில்லை.

ராயக்கோட்டை பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே என் பழைய மாணவன் ஒருவன் அறுபது சென்டில் சாமந்தி வைத்திருக்கிறான். போன வருடம் ஆகஸ்ட் கடைசியில் போன் செய்தான். "சார், உரம் போட்டாச்சு, மருந்து அடிச்சாச்சு. மத்த இடமெல்லாம் மொட்டு எடுத்துடுச்சு. ரோட்டோர மூலைல மட்டும் செடி கருகருன்னு வளருது, மொட்டே இல்ல. மண்ணு கெட்டுப்போச்சுன்றாங்க."

போய்ப் பார்த்தேன். மண்ணில் ஒரு குறையும் இல்லை. மூலையில் மின்கம்பம், அதில் புது எல்.இ.டி. விளக்கு. அதற்கு முன்னால் அந்தக் கம்பத்தில் ஒரு டியூப் லைட் இருந்ததாம். எரிந்த நாள் குறைவு. புது விளக்கு மே மாதம் வந்தது, சாயங்காலம் ஆறரையிலிருந்து விடியும் வரை ஒரு நாள் தவறாமல் எரிகிறது. நான் விளக்கைக் காட்டியதும் அவன் நம்பவில்லை. "விளக்கு வெளிச்சத்துல செடி என்ன சார் பண்ணும்?"

நம்ப வைத்தது மோட்டார் ரூம். கம்பத்துக்கும் வயலுக்கும் நடுவே ஒரு ஓரமாக அது நிற்கிறது. அதன் நிழல் ராத்திரியில் வயலின் மேல் எங்கே விழுமோ, அங்கே மட்டும் செடிகளில் மொட்டு. கயிறு கட்டிப் பிரித்த மாதிரி கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் மொட்டு, அந்தப் பக்கம் வெறும் இலை. ஒரே நாற்று, ஒரே தண்ணீர், ஒரே மண். இவ்வளவு சுத்தமான ஒரு பரிசோதனையை என் ஆய்வகத்தில் ஒருநாளும் செய்து காட்ட முடிந்ததில்லை.

நம் பக்கத்தில் ஜூன் கடைசியில் பகல் சுமார் 12 மணி 50 நிமிடம். டிசம்பர் கடைசியில் சுமார் 11 மணி 25 நிமிடம். மொத்த வித்தியாசமே ஒன்றரை மணி நேரத்துக்குள். இதைக் கவனித்துத்தான் ஒரு செடி பருவத்தைத் தெரிந்துகொள்கிறது. அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர், கோடையில் பூக்காமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகத்தைத் தினமும் பிற்பகலில் ஒரு இருட்டுக் கொட்டகைக்குள் வைத்துப் பூக்கச் செய்தார்கள். 1920இல் அதை எழுதி வெளியிட்டார்கள். 1938இல் ஹாம்னரும் பானரும் ஆட்டு ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும் முள்காய்ச் செடி ஒன்றை வைத்து, நீண்ட ராத்திரியின் நடுவே சற்று நேரம் விளக்குப் போட்டாலே பூப்பது நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். இலையில் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமிதான் வெளிச்சத்தை, அதிலும் சிவப்பு ஒளியை, உணர்கிறது. வெள்ளை எல்.இ.டி.யிலும் சிவப்பு கலந்திருக்கிறது. நிலா வெளிச்சம் இந்த வேலையைச் செய்யாது. பௌர்ணமியன்றுகூட அது கால் லக்ஸ் அளவுதான். கம்பத்தடியில் அதைப் போலப் பல மடங்கு.

பூ விவசாயிகளில் விவரம் தெரிந்தவர்கள் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். பசுமைக்குடிலில் நடு ராத்திரி பல்பு போட்டுச் சாமந்தியைப் பூக்கவிடாமல் உயரமாக்கி, பிறகு கருப்புத் துணி மூடி, வேண்டிய தேதிக்குப் பூக்க வைப்பார்கள். கனடாவில் இருக்கும் இன்னொரு மாணவன் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தான். அங்கே 2018 அக்டோபரிலிருந்து கஞ்சா சட்டபூர்வம். ஒன்டாரியோவில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். அதுவும் பெரும்பாலும் குறும்பகல் தாவரம்தான். அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர் நிலவறையில் கதவிடுக்கை எல்லாம் கருப்பு டேப்பால் அடைத்து, சின்ன மின்விளக்குப் புள்ளியைக்கூட மூடிவைத்து, பன்னிரண்டு மணி நேர இருட்டைக் காவல் காக்கிறாராம். வெளிச்சம் கசிந்தால் பூப்பது தள்ளிப்போகும், ஆண் பூ வந்து விதை பிடித்துவிடும் என்று பயம். நம் ஊரில் அந்தச் செடியை வைத்தால் போலீஸ் வரும் என்பது வேறு விஷயம். இருட்டைப் பூட்டிவைக்க அவருக்கு ஒரு அறை இருக்கிறது. வயலுக்கு ஏது கதவு?

என் மாணவன் ஆயுத பூஜை விலையை நம்பிக் கடன் வாங்கியிருந்தான். அவன் தம்பிக்கு விளக்கைக் கல்லால் அடித்துவிட்டால் போதும். ஆனால் அந்த விளக்குக்காகத் தெருப் பெண்கள் மூன்று வருடம் மனு கொடுத்திருக்கிறார்கள். முந்தின மழைக்காலத்தில் இருட்டில் போன ஒரு பெண்ணைக் கட்டுவிரியன் கடித்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போயிருக்கிறது. அவளுடைய மாமியார் என்னைப் பார்த்துக் கேட்டார்: "பூ இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம் பூக்கும் வாத்தியாரே. எங்க வீட்டுல போனது வருமா?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் சொன்னதுதான் நியாயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கடனும் பொய்யில்லை.

ஊரில் ஒரு சமரசம் பேசினார்கள்: ராத்திரி பத்து மணிக்கு மேல் அணைத்துவிடலாம். கேட்க நன்றாக இருந்தது. கணக்குப் போட்டுக் காட்டினேன். பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை எட்டு மணி நேரம்தான் இருட்டு, சாமந்திக்குப் பற்றாது. பாம்புக்கோ அந்த எட்டு மணி நேரம் தாராளம். இரண்டு பக்கமும் நஷ்டம். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனால் வேறொரு அலுவலகத்தைக் கை காட்டினார்கள். அந்த நடையில் பத்து நாள் போயிற்று. பூச்செடிக்குப் பத்து நாள் என்பது பெரிய காலம்.

கடைசியில் ஒரு எண்ணெய் டின்தான் வழிவிட்டது. வெல்டிங் கடையில் அதை வெட்டி விரித்து, விளக்கின் வயல் பக்கத்துக்கு மறைப்பாக வளைத்தோம். விளக்கு மாட்டும் பையனே ஏறிக் கட்டிக்கொடுத்தான். அன்று ராத்திரி வரப்பில் நின்று பார்த்தேன். தெருவில் வெளிச்சம் பழையபடி. சாமந்தி வரிசையில் என் நிழல் தரையில் தெரியவில்லை. அந்த மாமியாரும் வந்து தெருவை இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அது செப்டம்பர் இரண்டாம் வாரம். மூன்று வாரம் கழித்து மொட்டு தெரிந்தது, பூ நவம்பரில் வந்தது. ஆயுத பூஜை போய்விட்டது, தீபாவளியும் போய்விட்டது. கார்த்திகை முகூர்த்தங்களுக்கு விற்றதில் பறிகூலி போகக் கொஞ்சம் கையில் நின்றது. கடனில் பாதியை இந்த வருடத்துக்குத் தள்ளியிருக்கிறான்.

இந்த முறை அந்த மூலையில் தக்காளி நட்டிருக்கிறான். அதற்கு ராத்திரியின் நீளம் ஒரு பொருட்டில்லை. டின்னைக் கழற்றிவிடலாமா என்று கேட்டான். மழைக்காற்றில் அது ராத்திரி முழுக்கத் தடதடவென்று அடிக்கிறதாம், தெருவில் தூங்க முடியவில்லை என்கிறார்கள். பக்கத்து வயல்காரர் இப்போது சாமந்தி வைத்திருக்கிறார், அவரைக் கேட்டுவிட்டுக் கழற்று என்றேன்.