பெரும்பொழுதும் வீட்டு மின்சாரமும்

ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர் நம் இலக்கண நூலார். உழவர்க்கும் கடலோடிகட்கும் பயன்பட்ட இவ்வகுப்பு, இக்காலத்து வீட்டுச் சுவர்களுக்குள் ஓடும் மின்சாரத்தைப் பேணுதற்கும் பெரிதும் உதவுவதாகும். முப்பதாண்டுகட்கு மேல் பள்ளியில் அகத்திணை கற்பித்து ஓய்வு பெற்ற யான், இப்பொழுதெல்லாம் கார்காலத்தை எதிர்நோக்குவது தலைவன் தேர் வரும் என்று அன்று. கொல்லைத் தென்னையின் மட்டை மின்கம்பியைத் தொடுகின்றதா என்று பார்ப்பதற்கே.

என் இல்லம் மன்னார்குடிக்கு அணித்தாகிய ஒரு சிற்றூரில் உள்ளது. யான் சிறுவனாய் இருந்தபொழுது அதற்கு மின்சாரம் வந்தது. மரச்சட்டத்தின்மேல் தகரக் கவ்விகளால் பிணித்த கம்பிகள், வட்டமான கரிய சுவிட்சுகள், பீங்கானால் ஆகிய பியூஸ் கட்டைகள், கூடத்திலும் அடுக்களையிலும் திண்ணையிலும் ஒவ்வொரு விளக்கு. இவையே அன்றைய ஏற்பாடு. மூன்று விளக்குகட்கென இட்ட அக்கம்பிகள், பின்னர் மின்விசிறி, மாவரைக்கும் பொறி, குளிர்பெட்டி, நீரேற்றும் மோட்டார் என ஒன்றன்பின் ஒன்றாக வந்த விருந்தினர் அனைவரையும் சுமக்கலாயின. ஆதலின் 2009-ஆம் ஆண்டில் பழையன கழித்துப் புதியன இடுவித்தேன்.

சுவிட்சு என்று எழுதுகின்றேனே என்று தமிழன்பர் சிலர் வருந்தலாம். 'ஆளி' என்னும் நல்ல சொல் உண்டென்பதை யானும் அறிவேன். ஆயினும் பழம்புலவர்க்கு ஆளி என்பது யானையைக் கொல்லும் விலங்கு. எங்கள் ஊர் மின்பணியாளரிடம், "சுவரில் உள்ள ஆளி சுடுகின்றது" என்று சொன்னால் அவர் என்னைத்தான் ஐயத்தோடு நோக்குவார். உயிரோடு இயைந்த செய்திகளில் கேட்பவர்க்கு விளங்கும் சொல்லே சிறந்த சொல்.

ஆவணியும் புரட்டாசியும் ஆகிய கார்காலம் எங்கள் பகுதியில் ஆயத்தக் காலம். பெருமழை ஐப்பசியில்தான் வரும். அதற்குள் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியை நிலத்தில் நின்றபடியே நோக்க வேண்டும். மரக்கிளை உரசுமாயின் மின்வாரியத்தார்க்குத் தெரிவித்து, அவர்கள் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே வெட்டுவிக்க வேண்டும். ஈர மட்டையும் இரும்புத் துறட்டியும் ஏந்திக் கம்பியருகே செல்பவன் கூற்றுவனுக்கு ஓலை விடுக்கின்றான். வீட்டினுள்ளும் பார்க்க வேண்டுவன உள. புழங்காத பிளக்குத் துளைகளைக் குளவிகள் மண்ணால் அடைத்திருக்கும். சுவிட்சுப் பெட்டிக்குள் எறும்பு புற்றுவைத்திருக்கும், பல்லி முட்டையிட்டிருக்கும். பிள்ளைகள் ஊக்கையோ ஆணியையோ கொண்டு அம்மண்ணைக் குத்தி எடுக்க முயல்வதுண்டு. அத்துளைக்குள் 230 வோல்ட்டு மின்சாரம் காத்திருக்கின்றது. மெயின் சுவிட்சை நிறுத்தி, தேர்ந்த பணியாளரைக் கொண்டே அதனைத் தூய்மை செய்விக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை ஆகிய கூதிர்ப் பருவமே மின்சாரத்திற்கு உண்மையான சோதனைக் காலம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூதிரில், மழை பெய்யுந்தோறும் எங்கள் வீடு இருண்டது. மின்வாரியத்தின் குறையன்று, தெருவெல்லாம் ஒளிர, எம் இல்லம் மட்டும் இருளில் மூழ்கியது. மெயின் சுவிட்சின் அருகே பொருத்தியிருந்த மின்கசிவுத் தடுப்பான் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டித்திருந்தது. அதனைத் தூக்கிவிட்டால் சிறிது நேரம் நிற்கும். மீண்டும் மழை வலுத்தால் விழும்.

அழைத்த இளம்பணியாளர் வந்து பார்த்தார். "ஐயா, இந்தப் பெட்டிக்குக் கூச்சம் மிகுதி. மழைக்காலம் முடியுமட்டும் இதனைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துத் தருகிறேன். விளக்கு அணையவே அணையாது" என்றார். மூன்று இரவுகள் இருளில் சமைத்திருந்த என் மனைவிக்கும் அது நல்ல வழியாகவே தோன்றியது. யான் உடன்படவில்லை. "தம்பி, இரவெல்லாம் குரைக்கின்றதே என்று நாயை விரட்டிவிட்டால் நமக்குத் தூக்கம் வரும், கள்வன் போய்விடுவானா?" என்றேன்.

மாணவர்களே, அப்பெட்டியின் தொழில் இன்னதென்று அறிந்துகொள்ளுங்கள். வயலுக்குப் பிரியாது நேரே ஓடும் வாய்க்காலில், தலைப்பில் புகுந்த நீரின் அளவும் முடிவில் வெளிப்படும் நீரின் அளவும் ஒத்திருக்கும். குறையுமாயின் கரையில் எங்கோ நண்டு வளை இருக்கின்றது என்று எங்கள் ஊர் உழவர் உணர்வர். அவ்வாறே ஒரு கம்பி வழியாக வீட்டுக்குள் போகும் மின்னோட்டம் மற்றொரு கம்பி வழியாக அவ்வளவே மீளுதல் வேண்டும். அவ்விரண்டிற்கும் இடையே 30 மில்லி ஆம்பியர் அளவு வேறுபாடு தோன்றினும், ஒரு நொடியில் மூன்றிலொரு பங்குக்குள் இப்பெட்டி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 60 வாட்டுக் குண்டு விளக்கு ஒன்று எரிவதற்கு ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர் வேண்டும். அதில் ஒன்பதிலொரு பங்கினும் சற்றே மிகுந்த சிறு கசிவு இது. பியூஸ் இதனைப் பொருட்படுத்தாது. ஆனால் மனிதனின் நெஞ்சத் துடிப்பைக் குலைப்பதற்கு இத்துணையினும் சிறிது மிக்கது போதும். பியூஸ் வீட்டைத் தீயினின்று காக்கும். ஆளைக் காப்பது இப்பெட்டி. ஒரு கையால் ஒரு கம்பியையும் மறு கையால் மற்றதையும் பற்றுவானை இதுவும் காவாது என்பதையும் மறத்தல் கூடாது.

பணியாளர் என் சொல்லுக்கு இணங்கினார். வீட்டின் கிளைச் சுவிட்சுகள் அனைத்தையும் நிறுத்திவிட்டு, மழை தூறிக்கொண்டிருக்கும்பொழுதே ஒவ்வொன்றாக இயக்கினார். கூடம் நின்றது, அடுக்களை நின்றது, கிணற்றடிக்குச் செல்லும் கிளையைத் தூக்கியவுடன் தடுப்பான் படக்கென விழுந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பி சென்ற வழியே சென்றோம். கொல்லைச் சுவரில், இரும்பு நீர்க்குழாயை ஒட்டி, யாரோ எப்பொழுதோ ஒட்டுப்போட்டுச் சுற்றிய நாடா ஈரத்தில் நெகிழ்ந்து தொங்கிற்று. உள்ளிருந்த செம்பு குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்குழாயின் முடிவில்தான் துவைகல். அதன்மேல் நாள்தோறும் வெறுங்காலோடு நின்று குழாயைத் திருகுபவள் என் மனைவி. சில வேளை எங்கள் பேரன். அவ்விளைஞர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் ஒட்டில்லாத புதுக்கம்பியை, குழாயினின்று விலக்கி, வேறு வழியாக இட்டார். கூலியைப் பெறவும் தயங்கினார். யான் வற்புறுத்திக் கொடுத்தேன்.

கூதிர் என்றால் எங்கள் பகுதியார்க்கு 2018-ஆம் ஆண்டு நினைவுக்கு வாராதிராது. அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் வேதாரணியத்தருகே கரை கடந்த கஜா புயல், தென்னந்தோப்புகளோடு ஆயிரமாயிரம் மின்கம்பங்களையும் சாய்த்தது. பிற மாவட்டங்களிலிருந்தும் அயல் மாநிலங்களிலிருந்தும் வந்த மின்பணியாளர் சேற்றில் நின்று கம்பம் நட்டனர். அந்நாள்களில் அடுத்த வீட்டார் வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் கொணர்ந்து, அதன் கம்பியைச் சுவர்ப் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் ஊட்ட முனைந்தார். யான் விரைந்து சென்று தடுத்தேன். "ஐயா, தொட்டியில் ஒரு குடம் நீரும் இல்லை, குழந்தைகள் இருக்கின்றனர்" என்றார். உண்மைதான். ஆயினும் மெயின் சுவிட்சு இயக்கத்தில் இருக்குமாயின், அம்மின்சாரம் வீட்டோடு நில்லாது. தெருக்கம்பி வழியே பின்னோக்கி ஓடி மின்மாற்றியை அடையும். வீட்டுக்கு வருங்கால் 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அம்மின்மாற்றி, திரும்பிச் செல்லுங்கால் அவ்வாறே உயர்த்திவிடும். மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்பவன் நிலை என்னாகும்? இதனை விளக்கியதும் அவர் கம்பியை உருவிவிட்டார். ஜெனரேட்டரிலிருந்து தனிக்கம்பி ஒன்றை நேரே மோட்டாருக்கு இட்டு இரு வீட்டுத் தொட்டிகளையும் நிரப்பினோம்.

முன்பனியில் சொல்லத்தக்கது ஒன்றே. பொங்கலுக்கு வெள்ளையடிப்போர் சுண்ணாம்பு நீரைச் சுவிட்சின்மேலும் தெளிப்பர். அன்றைப் பகலில் மெயின் சுவிட்சை நிறுத்திவைத்தல் நலம். பின்பனி மின்சாரத்திற்கு ஓய்வுக் காலம்.

சித்திரையில் தொடங்கும் இளவேனில் கவிஞர்க்கு இனியது, கம்பிகட்குக் கொடியது. குளிரூட்டும் பொறிகள் இரவெல்லாம் இயங்க, தளர்ந்த இணைப்புகள் சுடும். பிளக்கின் முகம் பழுப்பேறினாலும், மீன் நாற்றம் போன்றதொரு நெடி எழுந்தாலும், அதனை நிறுத்திவிட்டு மாற்றுவிக்க வேண்டும். மின்சாரம் நின்ற வேளையில் உதவும் இன்வெர்ட்டர் பேட்டரியில் நீர் விரைவில் வற்றும். காய்ச்சி வடித்த நீரையே வார்க்க வேண்டும். இவற்றினும் முதன்மையானது எர்த்துக் குழி. கரியும் உப்பும் இட்டுப் புதைத்த குழாயைச் சுற்றியுள்ள மண் ஈரமாக இருந்தால்தான், கசியும் மின்சாரம் எளிதில் நிலத்துள் இறங்கும். கோடையில் அம்மண் காய்ந்து வெடிக்கும். எங்கள் வீட்டில் துளசிக்கு வார்த்தபின் ஒரு குடம் நீர் அக்குழிக்கும் வார்க்கின்றோம். புதிதாக வந்த உறவினர் ஒருவர், அங்கு என்ன செடி நட்டிருக்கின்றீர்கள் என்று வினவினார்.

ஆனியும் ஆடியும் காற்றின் காலம். அம்மியையே பறக்கவிடும் ஆடிக்காற்று, கம்பத்தின் உச்சியிலுள்ள இணைப்பையா விட்டுவைக்கும்? சென்ற ஆடியில் ஓரிரவு, கூடத்து விளக்கு வழக்கத்தினும் வெண்மையாகப் பேரொளி வீசிற்று. மின்விசிறி இரைந்து சுழன்றது. எதிர்வீட்டில் விளக்கு மின்மினிபோல் மங்கிற்று. "நம் வீட்டில் நல்ல வெளிச்சம், தாத்தா!" என்று பேரன் மகிழ்ந்தான். யான் எழுந்து சென்று மெயின் சுவிட்சை நிறுத்தினேன். நியூட்ரல் கம்பி கழன்றால் சில வீடுகட்கு 230 வோல்ட்டினும் மிக்க அழுத்தமும், சில வீடுகட்குக் குறைந்த அழுத்தமும் பாயும் என்று அவனுக்கு இருளிலேயே விளக்கினேன். தெருவார்க்கும் சொல்லி அனுப்பினோம். இரு வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிகள் அதற்குள் கருகிவிட்டன. மின்வாரியத்தார் வந்து கம்பத்தில் ஏறி, அரை மணி நேரத்தில் இணைப்பை முடுக்கி இறங்கினர். ஆடி முடிய அன்று ஒன்பது நாள்கள் இருந்தன. தென்னை மட்டையைப் பற்றியும் அவர்களிடமே சொல்லிவைத்தேன்.