சீன் போடாதே!

சரவணம்பட்டி சத்தி ரோட்டில் டீக்கடைக்கு டீக்கடை கேட்கும் இங்கிலீஷ் வார்த்தை எது தெரியுமா? 'சீன்'! காலேஜ் பையன், ஐ.டி. கம்பெனிக்காரர், ஆட்டோ அண்ணன் என்று எல்லோர் வாயிலும் அதுதான்.

"என்னங்ணா சீன்?" என்றால் என்ன நடக்கிறது என்ற விசாரிப்பு. "சீன் ஆயிருச்சு" என்றால் வம்பு வந்துவிட்டது, ஹெச்.ஓ.டி. கூப்பிடுகிறார். "ஒரு சீனும் இல்ல" என்றால் பயப்படாமல் வரலாம். "அவன் சீன்லயே இல்ல" என்றால் ஆள் போட்டியிலேயே இல்லை. "சீன் கிரியேட் பண்ணாத" என்றால் நாலு பேர் முன்னால் மானத்தை வாங்காதே. இந்தக் கடைசி அர்த்தம் மட்டும் வெள்ளைக்காரனுக்கும் புரியும் :-)

வார்த்தையின் பூர்வீகம் கிரேக்கம். 'ஸ்கேனே' என்றால் கூடாரம். பழைய நாடகங்களில் ஆடுகளத்துக்குப் பின்னால் நடிகர்கள் வேஷம் மாற்றிய இடத்துக்கும் அதுதான் பெயர். அதுவே மேடையாகி, காட்சியாகி, சினிமாவுக்குள் வந்தது. கோவைக்கு சினிமா புதிதல்ல. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். 1954இல் வந்த 'மலைக்கள்ளன்' கோவை பட்சிராஜா ஸ்டுடியோ தயாரிப்பு.

எல்லா அர்த்தத்திலும் பொல்லாதது "சீன் போடுறான்". கூலிங் கிளாஸ் மாட்டியவனைச் சொன்னால் தமாஷ். ஆனால் கோபி பக்கமிருந்து தமிழ் மீடியத்தில் படித்து வந்த பையன் செமினாரில் முதல்முறையாக நாலு வரி இங்கிலீஷ் பேசும்போது, கடைசி பெஞ்சிலிருந்து "சீன் போடாதடா!" என்று வந்தால்? கிளாஸே சிரிக்கும். அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவான். அப்புறம் எழுந்திருக்கவே மாட்டான். நாலாம் வருஷம் கேம்பஸ் இன்டர்வியூவில், குரூப் டிஸ்கஷனில், விஷயம் தெரிந்தும் வாய் திறக்காது.

வேடிக்கை என்னவென்றால், கத்தியவனுக்கும் இங்கிலீஷ் பேச வராது. பக்கத்திலிருப்பவன் கற்றுக்கொண்டால் தன் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்ற பயம். இங்கிலீஷ் பேசுபவன் வாயை அடைக்க அவனுக்குக் கிடைத்ததும் ஓர் இங்கிலீஷ் வார்த்தைதான்!

புதிதாக எதைக் கற்றாலும் முதலில் அது நடிப்பு மாதிரிதான் தெரியும். சைக்கிள் பழகினவனும் விழுந்து எழுந்துதானே பழகினான்? எனவே மக்களே, அடுத்த செமினாரில் ஒருத்தன் தப்பும் தவறுமாகப் பேச ஆரம்பித்தால், முடிக்கும்வரை விடுங்கள். சீன் போடட்டும். போட்டுப் போட்டுத்தான் பேச்சு வரும்.